மை வைக்காத பெயர்

இதில் வருகிற ஒருவருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை. என் அண்ணனின் பெயரைக்கூட. பெயர் எழுதுவது எவ்வளவு பாரமான காரியம் என்பதைப் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து வருடக்கணக்காகக் கேட்டவள் நான். அதனால் அக்காவை அக்கா என்றே சொல்கிறேன். ஊரும் அப்படித்தான் சொன்னது.

கற்பிட்டிக்குப் போகிற வழியில், எத்தாளையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஓர் அறையை நடுவில் பலகை அடித்து இரண்டு கடையாக்கியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் நான் தைத்தேன். மற்றப் பக்கத்தில் அக்கா பச்சை குத்தினார். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள், "இஞ்ச துணிக்கு ஊசி, அங்க தோலுக்கு ஊசி. ரெண்டு பேரும் சேந்து ஊரையே தைச்சுப் போடுவீங்க போல" என்று பகிடி விடுவார்கள். நான் சிரிப்பேன். அக்கா சிரிக்க மாட்டார். ஆனால் அடுத்த முறை அந்த ஆள் வந்தால் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்.

ஐம்பதைத் தாண்டியவர். நல்ல உயரம். தலைமயிரை ஆம்பிளை மாதிரி ஒட்ட வெட்டியிருப்பார். சோளகக் காற்றடித்தாலும் வாடைக் காற்றடித்தாலும் கையில்லாத கவுன்தான். அந்தக் கைகளில் ஒரு புள்ளி பச்சை கிடையாது. ஊருக்கெல்லாம் குத்துகிறவரின் தோல் அப்படி வெறுமையாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அக்கா சிலாபத்துக்காரி. இத்தாலியில் படுக்கையில் கிடந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். அந்த வீட்டுக்குக் கீழேயே பச்சை குத்துகிற கடை ஒன்று இருந்ததாம். பின்னேரங்களில் அதைக் கூட்டித் துடைக்கப் போய், பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் அங்கே இருந்தபோதுதான் அவருடைய ஒரே மகன் சிலாபத்தில், பல நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கிற படகு ஒன்றில் ஏறிப் போய்த் திரும்பவில்லை. படகும் இல்லை, படகில் போனவர்களும் இல்லை. கடைசியாக அந்தப் படகைக் கற்பிட்டிக்கு மேற்கே கண்டதாக யாரோ சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, இத்தாலியை விட்டு, சிலாபத்தையும் விட்டு, இங்கே வந்து குந்திவிட்டார். "இந்தக் கரையில உடம்பு ஒதுங்கும் எண்டா வந்தீங்க?" என்று என் அம்மா ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டார். "உடம்புக்கு ஆர் வந்த? போட் வரும் எண்டுதான் வந்த நான்" என்றார் அக்கா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை.

அழகுக்காக அவரிடம் வந்தவர்கள் காற்றுக் காலத்தில் வருகிற வெள்ளைக்காரர்கள்தான், பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வருகிறவர்கள். ஊர் ஆட்கள் வந்தது வேறு காரியத்துக்கு. கரைவலை இழுத்து முழங்கால் தேய்ந்தவர்கள் வலிக்கிற மூட்டைச் சுற்றிப் புள்ளி குத்திக்கொண்டார்கள். கெட்ட கனவு காண்கிறவர்கள் நெஞ்சுக்குழிக்கு மேலே சின்னச் சிலுவை ஒன்று வைத்துக்கொண்டார்கள். கயிற்றில் சிக்கிக் கை கிழிந்து, அந்தக் கையை எந்த நேரமும் இடுப்புச் சாரத்துக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்த ஒருவருக்கு, அந்தத் தழும்பின் மேலேயே ஒரு சுறாவை வரைந்துவிட்டார். அடுத்த வாரம் அந்த ஆள் பஸ்ஸுக்கு அந்தக் கையைத்தான் நீட்டி மறித்தார். "குத்தினா முழங்கால் வலி போகுமா அக்கா?" என்று கேட்டால், "போகாது. ஆனா எங்க வலிக்குது எண்டு இனித் தேட மாட்டாய்" என்பார்.

ஊசியைத் தொடுவதற்கு முன்னால் வந்தவரின் கையையோ காலையோ தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். எனக்குச் சில நேரம் பொறுமை கெட்டுவிடும். "என்னக்கா, செபமா?" என்று பலகைக்கு மேலால் எட்டிக் கேட்டேன். "கேக்கிறன்" என்றார். "என்னத்த?" "தோல் ஓம் எண்டு சொல்லுதா எண்டு." தோல் வாய் திறந்து பதில் சொல்லுமோ என்று நான் நக்கலடித்திருக்கிறேன். ஆனால் நடுங்கிக்கொண்டு வந்து உட்காருகிறவர்கள் அந்தக் கைகளுக்குள் அடங்கிப் போவதையும் பார்த்திருக்கிறேன். சில பேரை, "இண்டைக்கு வேணாம், வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுவார். காரணம் சொல்ல மாட்டார்.

பெயர் குத்த வந்தால்தான் அவருடைய சுபாவம் முழுவதும் வெளியே வரும். எந்தப் பெயராக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வி. "முடிஞ்சுதா?"

இறந்துபோன தகப்பனின் பெயரைக் குத்த வந்த மகன் "ஓம், முடிஞ்சுது" என்று சொன்னால் மை ஊற்றுவார். சொல்ல முடியாவிட்டால் மைப்போத்தலின் மூடியைத் திறக்கவே மாட்டார். ஒருமுறை ஓர் இத்தாலிக்காரன் பிரிந்துபோன காதலியின் பெயரை நெஞ்சில் குத்த வேண்டும் என்று நின்றான். அக்கா அவனுடைய பாஷையிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டார். அவன் கொஞ்ச நேரம் பேசினான், பிறகு குரல் உடைந்தது, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். "வந்த வியாபாரத்தை அழப்பண்ணி அனுப்புறீங்களே" என்றேன். "மை வச்சா முடிஞ்சது முடிஞ்சதுதான். அவனுக்கு இன்னும் முடியல்ல" என்றார்.

செத்தவர்களுக்கு மை. காணாமல் போனவர்களுக்கு வெறும் ஊசி. அதுதான் அக்காவின் சட்டம். எங்கள் கரையில் கடலுக்குப் போய் வராதவர்கள் இல்லாத ஊர் இல்லை. அவர்களுடைய பெண்சாதிமாரும் தாய்மாரும் அக்காவிடம் வந்தார்கள். மை ஊற்றுகிற சின்னக் கிண்ணம் காலியாக இருக்கும். மெசினைப் போட்டு, மையில்லாத ஊசியால் அந்தப் பெயரைக் கையில் எழுதுவார். எழுத்து சிவந்து தெரியும், பொருக்குக் கட்டும், கொஞ்ச நாளில் உதிர்ந்து தோல் பழையபடி ஆகிவிடும். பிறகு திரும்பவும் வருவார்கள், திரும்பவும் எழுதுவார். "நோவு மட்டும் உனக்கு. பெயர் உனக்கு இல்ல, அது அவன்ட. போய்ப் போய் வரட்டும்" என்பார். அந்தப் பெண்கள் வரும்போது முகம் இருண்டு வருவார்கள், போகும்போது கொஞ்சம் காற்று வாங்கினவர்கள் போலப் போவார்கள். இது வைத்தியமா, இல்லை ஆறுகிற புண்ணை ஆறவிடாமல் கீறிக்கொண்டிருப்பதா என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

கற்பிட்டியில் இருந்து ஒரு முஸ்லிம் அம்மாவும் வந்தார். மகன் தொழிலுக்குப் போய் வரவில்லை. அவர் வாசலில் நின்றுகொண்டு, "தங்கச்சி, பச்ச குத்துறது எங்களுக்கு ஹராம். மையில்லாம குத்துறதும் ஹராமா?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாது உம்மா. உங்கட மவ்லவிட்ட கேட்டுட்டு வாங்க" என்றார் அக்கா. அடுத்த கிழமை அந்த அம்மா திரும்ப வந்தார். "கேட்டீங்களா?" "இல்ல. கேட்டா வேணாம் எண்டு செல்லுவார். அதான் கேக்கல்ல." அன்றைக்குத்தான் அக்கா சிரித்ததை நான் முதன்முதலில் பார்த்தேன். ஊசியைத் தொடவில்லை. அந்த அம்மாவின் கையை எடுத்து, தன் சுட்டுவிரலால் மகனின் பெயரை எழுதிக்காட்டினார், மெதுவாக, எழுத்து எழுத்தாக. அந்த அம்மா ஒவ்வொரு எழுத்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார். பிறகு மாதா மாதம் அதற்காகவே பஸ் ஏறி வந்தார்.

இவ்வளவையும் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. ஒரு சோளகக் காலத்தில் என் அண்ணன் கூட்டாளி ஒருவரோடு போட்டில் போனார். காலையில் வர வேண்டியவர்கள் பின்னேரமும் வரவில்லை. ஊரில் இருந்த போட்டெல்லாம் தேடிப் போனது, நேவியும் தேடியது. ஒரு எண்ணெய்க் கான்கூடக் கரைக்கு ஒதுங்கவில்லை. அண்ணனின் பெண்சாதி, என் மச்சாள், முதல் சில நாள் கடற்கரையை விட்டு எழும்பவே இல்லை. பிறகு ஒருநாள் காலையில் எழும்பி, முகம் கழுவி, நேரே அக்காவின் கடைக்குள் போனாள்.

"முடிஞ்சுதா?" என்று அக்கா கேட்டது என் காதில் விழுந்தது. மச்சாள் பதில் சொல்லவில்லை. மைப்போத்தல் திறக்கிற சத்தம் வரவில்லை. பிறகு மெசின் இரைந்தது.

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஒரு பாவாடைக்குக் கரை அடித்துக்கொண்டிருந்தேன். மெசின் ஓர் எழுத்து முடிய நிற்கும், அடுத்த எழுத்துக்கு இரையும். சுழி வந்தால் நீளமாக இரையும், புள்ளிக்கு ஒரு துடிப்பு. அண்ணனின் பெயர் என் காதுக்குள் அப்படி எழுதப்பட்டது. அதற்குப் பிறகு மச்சாள் வரும் ஒவ்வொரு முறையும் நான் தையலை நிற்பாட்டிவிடுவேன். இப்போதும் வீட்டில் தனியாக இருக்கும்போது எங்கேயாவது ஒரு மோட்டார் விட்டு விட்டு இரைந்தால் அது எந்த எழுத்தில் நிற்கிறது என்று காது தேடும்.

வருடங்கள் போயின. வீட்டில் சண்டை ஒவ்வொரு நவம்பரும் வந்தது. மரித்த ஆத்துமாக்களின் திருநாளுக்கு எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை முன்கூட்டியே பாதரிடம் கொடுத்துவிட வேண்டும். பீடத்துக்கு முன்னால் மணல் பரப்பி, பெயருக்கு ஒன்றாக மெழுகுதிரி நட்டிருப்பார்கள். பாதர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, அந்த வீட்டு ஆள் எழும்பிப் போய் ஒன்றைக் கொளுத்துவார். கடலில் காணாமல் போனவர்களின் பெயரைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் செத்தவர் கணக்கு. அம்மாவுக்குத் தன் பிள்ளையின் ஆத்துமாவுக்கு ஒரு மெழுகுதிரி எரியாமல் இருப்பது தாங்கவில்லை. "அவன் எங்கயோ இருட்டுக்குள்ள நிக்கிறான். ஒரு வெளிச்சம் காட்ட விடு பிள்ளை" என்று கெஞ்சுவார். மச்சாள், "நீங்க குடுத்தா நான் இந்த வீட்டில இருக்க மாட்டன்" என்பாள். அம்மா பாதரிடம் போகாமலே இருந்துவிடுவார். திருநாள் பூசைக்கு எங்கள் வீட்டில் யாரும் போகாமல் விட்ட வருடங்களும் உண்டு.

எனக்கு அக்காமேல் கோபம் வந்தது. "நீங்க எழுதி எழுதித்தான் அவளை இப்பிடி வச்சிருக்கிறீங்க" என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னேன். அக்கா ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. "நான் எழுதாட்டி அவ கடலுக்குள்ள இறங்கி இருப்பா" என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம். நான் என் பக்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டேன்.

பிறகு மச்சாளுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. சிலாபம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு அங்கேயே தாய் வீட்டில் தங்கி, பல மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. அங்கே உடம்பு தேறியதும் முற்றத்தில் கருவாடு காயவைக்கிற வேலையில் தாய்க்கு உதவியிருக்கிறாள். முழுநாள் வெயில். ஊருக்குத் திரும்பி வந்த அன்றைக்கு வீட்டுக்குக்கூடப் போகாமல், பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என் கடைக்கு வந்தாள்.

"தங்கச்சி, இதைப் பாரு."

இடது கையின் உட்பக்கத்தை நீட்டினாள். வெயிலில் கறுத்த தோலில் அண்ணனின் பெயர் வெள்ளையாக நின்றது. பொருக்கு இல்லை, சிவப்பு இல்லை, மை இல்லை. தழும்பு. ஒரே இடத்தில் வருடக்கணக்காக ஊசி போய்ப் போய் வந்து, தோல் அந்த எழுத்துகளைத் தன்பாட்டிலேயே பிடித்துக்கொண்டுவிட்டது. விரலை வைத்தால் தடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் வாசிக்கலாம். நான் கையை எடுத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. மச்சாள் சிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பக்கத்தில் இருந்து அக்கா வந்தார். மச்சாளின் கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பெருவிரலால் முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை தடவினார். பிறகு திரும்பவும் முதல் எழுத்துக்குப் போனார்.

"போகல்ல அக்கா" என்றாள் மச்சாள். "பாத்தீங்களா, அவர் போகல்ல."

"அழிஞ்சு போறதுக்குத்தான் நான் எழுதின" என்றார் அக்கா. அவளுக்குச் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. "இவன் நிண்டுட்டான்."

அன்றைக்கு மெசினை நிற்பாட்டியவர் அதைத் திரும்பப் போடவில்லை. அடுத்த நாளில் இருந்து, தான் வெறும் ஊசியால் எழுதிய பெண்களின் வீடுகளுக்கெல்லாம் நடந்தே போனார். "கையைக் காட்டு" என்று வெளியே கூட்டி வந்து வெளிச்சத்தில் பார்த்தார். சில கைகளில் ஒன்றும் இல்லை. சில கைகளில் அரைவாசிப் பெயர் நின்றது. ஒரு பெண் தன் கையை அதுவரை வெளிச்சத்தில் பார்த்ததே இல்லையாம், அக்கா காட்டிய பிறகு அலறத் தொடங்கிவிட்டாளாம். கற்பிட்டி அம்மாவிடமும் போனார். அங்கே விரலால் மட்டும்தானே எழுதினார், ஒன்றும் இருக்க நியாயமில்லை. "ஒண்டும் இல்ல தங்கச்சி" என்று அந்த அம்மா கையைத் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு, "ஆனா எனக்கு வாசிக்க ஏலும்" என்றாராம். இதை எனக்குச் சொல்லிவிட்டு அக்கா தன் சுட்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மச்சாள் அந்தக் கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். சமைக்கும்போது அதோடு கதைத்தாள். அம்மா பயந்துபோய்த் தன் கழுத்துச் செபமாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். நவம்பர் நெருங்கியது. மச்சாள்தான் ஒருநாள் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு, "மாமி, இந்த முறை அவர்ட பெயரைக் குடுங்க" என்றாள். அம்மா நம்பாமல் பார்த்தார். "அவர் என்ட கையில நிக்கிறார், கடல்ல இல்ல எண்டு தெரிஞ்சிட்டுது. இனி நான் கடலைப் பாக்கத் தேவையில்ல" என்றாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அண்ணன் செத்துப்போனார் என்பதை எங்கள் வீடு அந்தக் கணத்தில்தான் ஏற்றுக்கொண்டது.

நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். மெசின் பைக்குள் போயிருந்தது, கதிரைகள் சுவரோடு சாய்ந்திருந்தன. திருநாளுக்கு முன்னால் சிலாபத்துக்குப் போய்விடப் போவதாகச் சொன்னார்.

"ஏன்?"

"அவ முடிச்சிட்டா. இனி இஞ்ச இருந்தா என்னையும் முடிஞ்சுதா எண்டு கேப்பாங்க."

எத்தனையோ வருடம் ஒருவரும் கேட்காததை அன்றைக்கு நான் கேட்டேன். "ஊரில எல்லாருக்கும் எழுதினீங்களே. உங்கட பிள்ளைட பெயரை வெறும் ஊசியாலயாவது ஒருநாள் எழுதியிருக்கக் கூடாதா?"

அக்கா விளக்குமாற்றைக் கீழே வைத்தார். "எழுதினா காயும். காஞ்சா உதிரும். உதிர்றதை மத்தவங்கட கையில பாக்கலாம். என்ட கையில என்னால பாக்க ஏலாது பிள்ளை." பிறகு என் தலையில் கையை வைத்தார். அந்தக் கைக்குள் அடங்கிப் போவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மத்தியானப் பஸ்ஸில் போய்விட்டார்.

அந்தத் திருநாளில் மச்சாள் அண்ணனுக்காக எழும்பிப் போய் மெழுகுதிரி கொளுத்தினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அவளே கொளுத்துகிறாள். வீட்டில் இப்போது பழையபடி சிரிப்பும் சண்டையும் உண்டு. அக்காவின் பக்கத்து அறையில் போன் கார்ட் விற்கிறார்கள். நான் கடையைவிட்டு வீட்டிலேயே தைக்கிறேன்.

போன நவம்பரில் பாதர் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். இடையில் ஒரு பெயர் வந்தது. ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் சேர்ந்த முழுப் பெயர். எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகுதான் விளங்கியது. அது அக்காவின் பெயர். அதைத் தொட்டுக்கொண்டே இன்னொரு பெயரை வாசித்தார். அது அக்காவின் மகனின் பெயர். சிலாபத்தில் இருக்கிற, அக்காவின் கூடப்பிறந்த தங்கச்சிதான், அக்கா இறந்துவிட்டதைச் சொல்லி, தாயையும் பிள்ளையையும் இனியாவது ஒன்றாக வைப்போம் என்று நினைத்து இரண்டு பெயரையும் இந்தக் கோயிலுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பிறகு பாதர் சொல்லித்தான் அது எனக்குத் தெரியும்.

இரண்டு பெயருக்கும் எழும்ப ஆள் இல்லை. மணலில் இரண்டு மெழுகுதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பாதர் நிமிர்ந்து பார்த்தார்.

மச்சாள் எழும்பினாள். நடுப்பாதையால் நடந்து போய், அக்காவின் மெழுகுதிரியைக் கொளுத்தினாள். மற்றதுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அதைக் கொளுத்தாமலே திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

"மற்றது?" என்று நான் காதுக்குள் கேட்டேன்.

"அதை நாங்க கொளுத்த ஏலாது" என்றாள் மச்சாள். "அக்கா இன்னும் முடிஞ்சுது எண்டு சொல்லல்ல."